டிரான்ஸ்பார்மரைக் காக்கும் அட்டை: ஈரமும் சூடும் ஏன் ஆகாது?

கதிர் வரும் நேரத்தில் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டால் என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘காயில் போச்சு’ என்போம். ஆனால் பல நேரங்களில் முதலில் பலம் இழப்பது கம்பி அல்ல. கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் காகிதமும் கெட்டி அட்டையும்தான்.

பிரஸ்போர்டு எனப்படும் இந்த அட்டை, நோட்டுப் புத்தக அட்டை போன்றதல்ல. பைன் போன்ற நீள நார் உள்ள மரங்களைச் சில்லுகளாக்கி, காஸ்டிக் சோடா கலந்த கரைசலில் வேகவைத்து நாரைப் பிரிக்கிறார்கள். உப்பு இருந்தால் மின்சாரம் கசியும் என்பதால் கூழைச் சுத்தமான நீரில் பலமுறை கழுவுகிறார்கள். பிறகு மெல்லிய ஈரத்தாளாக எடுத்து, உருளையில் அடுக்கடுக்காகச் சுற்றி, வெட்டியெடுத்து, சூடான அழுத்த இயந்திரத்தில் இறுக்குகிறார்கள். பசையே சேர்ப்பதில்லை; நாரும் நாரும் தாமாகவே பிணைந்துகொள்கின்றன. நன்கு இறுகிய அட்டை, தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது.

டிரான்ஸ்பார்மரில் இது காயில்களைத் தள்ளி நிறுத்துகிறது, அசையாமல் பிடிக்கிறது, எண்ணெய் ஓட வழி விடுகிறது. சூளையில் வைத்து ஈரத்தை முழுவதும் போக்கிய பிறகே எண்ணெய் நிரப்புவார்கள். வெளிக்காற்றில் கிடந்தால் தன் எடையில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு ஈரத்தை இந்த அட்டை குடித்துவிடும்.

ஈரமும் சூடும் சேர்ந்தால் நார் உடைகிறது. உடையும்போது மேலும் நீர் உண்டாகி, சேதம் இன்னும் வேகமாகிறது. காயில் சூடு சுமார் 6 டிகிரி கூடினாலே தேய்மானம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கணக்கு. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். நொறுங்கிப்போன அட்டைக்கு அப்படி மருந்து கிடையாது. காயிலையே பிரித்துக் கட்ட வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

டிரான்ஸ்பார்மரின் மேலே சிறு எண்ணெய்த் தொட்டி இருந்தால், அதிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பி தொங்கும். உள்ளே இருப்பது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். நீல நிறத்தில் இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாக மாறினால் அதன் வேலை முடிந்தது. (சிலவற்றில் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும்.) வேலிக்கு வெளியே நின்றே பார்க்கலாம். நிறம் மாறியிருந்தாலோ எண்ணெய் கசிந்தாலோ மின் அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மின்னகம் எண் 94987 94987.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைக் கட்டும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது ஒருபக்கம். பியூஸ் தடுக்க வேண்டிய சூடு முழுவதும் அந்த அட்டையின் மேல்தான் விழுகிறது. 5 எச்.பி. மோட்டார் ஒன்று 5 முதல் 6 கே.வி.ஏ. வரை எடுக்கும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் ஒரே நேரத்தில் பத்து மோட்டார் ஓடினாலே ஏறக்குறைய முழுச் சுமைதான். மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லோரும் ஒன்றாகப் போடாமல் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்கு ஏற்ற கெபாசிட்டர் பொருத்தினால் டிரான்ஸ்பார்மர் மீதான சுமை இன்னும் குறையும்.