காப்புறுதி போனவர் பெயரில், கடுதாசி யார் கையில்?

பதுளைப் பக்கத்துத் தோட்டமான ஸ்பிரிங்வெளியிலிருந்து வெளிநாடு போகிறவர்கள் மூன்று கூட்டம். குவைத், சவூதி, ஓமான் என்று வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு கூட்டம். கட்டாருக்கும் துபாய்க்கும் கட்டட வேலை, ஹோட்டல் வேலை என்று போகும் பையன்கள் இன்னொன்று. ஐயப்பனுக்கு மாலை போட்டோ, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோ, திருச்சிப் பக்கத்துச் சொந்தங்களைப் பார்க்கவோ இந்தியா போய் வருகிறவர்கள் மூன்றாவது. பயணக் காப்புறுதி என்பது ஐரோப்பா சுற்றிப் பார்க்கும் பணக்காரர் சமாசாரம், நமக்கு என்ன என்றுதான் மூன்று கூட்டத்தாரும் நினைக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டு கூட்டத்தாரும், முறைப்படி பதிந்து போயிருந்தால், காப்புறுதியோடுதான் விமானம் ஏறுகிறார்கள். மூன்றாவது கூட்டத்திலும் சிலருடைய வங்கிக் கார்டுக்குள் அது சத்தமில்லாமல் இருக்கலாம்.

தெரியாமல் இருப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். காப்புறுதி போனவர் பெயரில் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு அலைய வேண்டியவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர். போனவர் ரியாத்தில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும்போது, அல்லது உயிரோடே இல்லாதபோது, லயத்தில் இருக்கும் அம்மாவோ புருஷனோ பள்ளிக்கூடம் போகும் மகளோதான் போன் அடிக்க வேண்டும். எந்த நம்பருக்கு அடிப்பது, எந்தக் கடுதாசியைக் காட்டுவது என்று அவர்களிடம் யாரும் சொல்லி வைப்பதில்லை. கேட்காத காப்புறுதியைத் தேடி வந்து கொடுக்கும் கம்பனி உலகத்தில் எங்கும் கிடையாது.

முதலில் வேலைக்குப் போகிறவர்கள் கதை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஏஜென்சிக்காரர் சொல்லி எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதிவோடு காப்புறுதியும் சேர்ந்தே வருகிறது என்பதை அவர் சொல்வது அபூர்வம். வேலை செய்யும் இடத்தில் மரணம், நிரந்தர அங்கவீனம், விபத்தாலோ நோயாலோ வேலையை முடிக்காமல் திரும்ப வேண்டி வருவது போன்றவற்றுக்கு அதில் நட்டஈடு உண்டு. தொகைகள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுகின்றன. ஆகவே பக்கத்து லயத்துக்காரருக்கு முன்னொரு காலத்தில் கிடைத்த கணக்கை நம்பிக்கொண்டிருக்காமல், பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பதியும் அன்று உள்ள கணக்கைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதுதான் சரி.

இதில் நம் ஆட்கள் அதிகம் இழப்பது ஒரே இடத்தில்தான். பதிவு ஒப்பந்தக் காலத்துக்கு, வழக்கமாக இரண்டு வருஷத்துக்கு. இரண்டு வருஷம் முடிகிறது. வீட்டுக்காரம்மா நல்லவர், சம்பளமும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார், இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன் வருகிறது. வீட்டிலும் சந்தோஷம். பதிவைப் புதுப்பிக்கும் பேச்சு யார் வாயிலும் வருவதில்லை. பதிவு முடியும் நாளோடு காப்புறுதியும் நின்றுபோகிறது. புதுப்பிக்க ஊருக்கு வரத்தான் வேண்டும் என்றில்லை. அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவு மூலமாகச் செய்யலாம். பதிவு முடியும் தேதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டியவர் ஊரில் இருப்பவர். அங்கே இருப்பவருக்குக் கையில் போன் கிடைப்பதே சில வீடுகளில் வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

விசிட் விசாவில் போனவருக்கு இந்தக் காப்புறுதிப் பேச்சே இல்லை. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டு, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாருக்குப் பதிவு மறுக்கப்பட்டபோது, குறுக்கு வழி தேடியவர்களை சப் ஏஜென்ட்மார் விசிட் விசாவில் ஏற்றி அனுப்பினார்கள். பின்னால் நிபந்தனை தளர்ந்தும் அந்த வழி மூடவில்லை. 2022இல் விசிட் விசாவில் போய் ஓமானில் சிக்கிய பெண்களின் கதை வெளியில் வந்தபோதுதான் அதன் அளவு நாட்டுக்குத் தெரிந்தது. தாய்மாரைக் காப்பாற்ற என்று போட்ட விதி அவர்களைக் காப்புறுதிக்கு வெளியே தள்ளியது என்பது என் அபிப்பிராயம். விசிட் விசாவில் போய்விட்ட ஒருவர் வீட்டில் இருந்தால் கைகழுவி விடாதீர்கள். அங்கேயே முறையான வேலை விசாவுக்கு மாறினால் தூதரகத்தில் பதிய வழி உண்டா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி கார்டு. தோட்டத்தில் வேலை செய்பவரிடம் கடனட்டை இருப்பது குறைவு. ஆனால் அவருடைய மகள் ஆசிரியை, மருமகன் பதுளை பஜாரில் கடை வைத்திருக்கிறார், மகன் கொழும்பில் கம்பனி வேலை. இவர்களிடம் கார்டு இருக்கிறது. கார்டு தரும்போது வங்கி கொடுக்கும் வழுவழுப்பான கையேட்டில் 'இலவசப் பயணக் காப்புறுதி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். வருஷக் கட்டணம் கட்டும் கார்டில் இலவசம் என்று எதுவும் இல்லை என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வங்கி ஒரு காப்புறுதிக் கம்பனியிடம் மொத்தமாக ஒரு ஒப்பந்தம் வாங்கி வைத்திருக்கிறது. கார்டு வைத்திருப்பவர் அதற்குள் ஒரு பெயர், அவ்வளவுதான். காப்புறுதி ஒப்பந்தம் உங்கள் கைக்கு வருவதில்லை. கையேடுதான் வருகிறது. கையேடு விளம்பரம், ஒப்பந்தம் வேறு. அதன் பிரதியை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்? விமான டிக்கட் முழுவதும் அதே கார்டில் வாங்கியிருக்க வேண்டும் என்பது அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. ஏஜென்சியிடம் காசைக் கையில் கொடுத்து டிக்கட் எடுத்தால் காப்புறுதி இல்லை. சில கார்டுகளில் புறப்படுமுன் வங்கிக்கு அறிவித்து சான்றிதழ் வாங்கினால்தான் செல்லும். வயது எல்லை, பயண நாள் எல்லை, ஏற்கனவே உள்ள நோய்க்கு விலக்கு இதெல்லாம் அடுத்த பக்கத்தில் சிறிய எழுத்தில். உடலுழைப்பு வேலைக்காகப் போகும் பயணத்தை விலக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. ஆகவே அண்ணனுடைய கார்டில் டிக்கட் போட்டு தம்பி கட்டாருக்கு வேலைக்குப் போனால் அந்தக் காப்புறுதியை நம்பக் கூடாது.

இப்படியான நிபந்தனைக்கு உதாரணமாக, இந்திய அரசின் ஜன்தன் வங்கிக் கணக்கோடு வந்த ரூபே கார்டைப் பாருங்கள். 2014இல் தொடங்கிய திட்டம். 1 லட்சம் ரூபாய் விபத்துக் காப்புறுதி, 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு 2 லட்சம். ஆனால் விபத்துக்கு முந்திய 90 நாளுக்குள் அந்தக் கார்டை ஒரு தடவையாவது பாவித்திருக்க வேண்டும். அலுமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்த கார்டுக்கு ஒரு சதமும் இல்லை. பொருளைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே தண்டனை. நம் ஊர்க் கார்டுகளிலும் இப்படி ஏதாவது நிபந்தனை உண்டா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாத்திரை போகும் பெரியவர்களுக்குக் கார்டுக் காப்புறுதி பெரும்பாலும் கைகொடுக்காது. அறுபத்தைந்து எழுபது வயது, சீனி, பிரஷர், ஏற்கனவே நெஞ்சுக்கு மருந்து. இவர்கள் பிள்ளையின் கார்டில் போவதாக இருந்தால் 'கார்டுக்காரர் கூடவே பயணம் செய்தால்தானா, செய்யாவிட்டாலுமா?' என்று கேட்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால், அந்தச் சில நாட்களுக்குத் தனியாக ஒரு பயணக் காப்புறுதி வாங்குவது புத்தி. வாங்கும்போது வியாதிகளை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் கொஞ்சம் கட்டணம் மிச்சம். பிறகு கம்பனிக்குக் கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்க்குமுன், அவசரமென்றால் சேர்த்த கையோடு, காப்புறுதியில் குறிப்பிட்ட உதவி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்வதும் கட்டாயம்.

பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் விமானக் கம்பனியின் மேசையில் அறிக்கை எழுதி வாங்குங்கள். விமானப் பயணம் பற்றிய மொன்றியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், பெட்டி தாமதமாகக் கிடைத்தால் 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். இந்த உரிமை காப்புறுதிக்குப் புறம்பானது.

எல்லாம் சரியாக இருந்தும் நம் பக்கத்துக் கோரிக்கைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. தமிழ் தெரியாத பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதிய அப்பாவின் பெயர் வேறு. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கல்யாணம் பதியவில்லை. பத்து வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் 'கணவன்' என்று காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. இதையெல்லாம் சாவு வீட்டில் சரிசெய்ய முடியாது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். இடைக்கால ஏற்பாடாக, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி எழுதி வைக்கலாம். பதிவுப் படிவத்திலும் வங்கிக் கணக்கிலும் பின்னுரித்தாளியாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயரே இன்னும் இருக்கும். அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

ஒவ்வொரு லயத்து வீட்டிலும் முக்கியமான கடுதாசிகள் ஒரு சொப்பிங் பேக்கில் சாமிப்படத்துக்குப் பின்னால் தொங்கும். ஈ.பீ.எப். கடிதம், பிள்ளைகளின் கிளினிக் அட்டை, பாஸ் புத்தகம். அதோடு சேர வேண்டியவை: கடவுச்சீட்டின் பிரதி, விசாப் பிரதி, பணியகப் பதிவு ரசீது, வேலை ஒப்பந்தம், ஏஜென்சியின் பெயரும் அனுமதிப்பத்திர இலக்கமும், அங்குள்ள முதலாளியின் போன் நம்பர், கார்டென்றால் டிக்கட் வாங்கிய ரசீது. மூலத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, வீட்டில் ஒன்றும் வைக்காமல் இருப்பதுதான் நம் வழக்கம். வெளிநாட்டில் மரணம் நேர்ந்தால் அங்குள்ள தூதரகம் அத்தாட்சிப்படுத்திய மரணச் சான்றிதழும் மருத்துவ அறிக்கையும் தேவை; கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு இதில் உதவும், கண்டியிலும் அதன் அலுவலகம் உண்டு. முதல் படியாகப் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்கள். அவரைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 'நான் எடுத்துத் தாறேன், பாதி எனக்கு' என்று வருகிறவரிடம் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

உள்ளூர்ச் சாவுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. 2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் போன பஸ் பசறையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இப்படியொரு விபத்துக்குப் பயணக் காப்புறுதி பொதுவாகப் பொருந்தாது. ஆனால் சில சேமிப்புக் கணக்குகளோடு விபத்து மரணக் காப்புறுதி சேர்ந்திருக்கும். இறந்தவரின் கணக்கை மூடப் போகும்போது குடும்பத்தார் மிச்சப் பணத்தை மட்டும் கேட்டு வந்துவிடுகிறார்கள். 'இந்தக் கணக்கோடும் கார்டோடும் காப்புறுதி ஏதும் இருந்ததா?' என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மறுத்தால் என்ன செய்வது? எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்பது முதல் வேலை. வாயால் சொன்ன 'கிடையாது' எதற்கும் ஆதாரமாகாது. அடுத்தது வங்கிக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்து முறைப்பாடு. அதிலும் முடியாவிட்டால், காப்புறுதிச் சிக்கலை இலவசமாக விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். காப்புறுதிக் கம்பனிகளை மேற்பார்க்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். வங்கி விளக்காமல் கார்டைத் தலையில் கட்டியது என்றால் அது மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்தின் பாடு, இலக்கம் 1935. நிபந்தனைகளைத் தமிழில் விளக்கிக் கேட்பது உங்கள் உரிமை. ஆங்கிலப் படிவத்தில் பென்சிலால் போட்ட மூன்று பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருவது இனியாவது நிற்கட்டும்.

பணியகத்தில் கோப்பு மாதக்கணக்கில் தூங்கினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பணியகமும் அரச வங்கிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. 'இன்னாரின் காப்புறுதிக் கோரிக்கை எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதியில் எந்த மேசைக்குப் போனது, மறுத்திருந்தால் காரணம் என்ன' என்று ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, அங்குள்ள தகவல் உத்தியோகத்தருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். தபால் ரசீதையும் அதே சொப்பிங் பேக்கில் போட்டு வையுங்கள். மேன்முறையீடு செய்ய நேர்ந்தால் நாள் கணக்கை அதை வைத்துத்தான் காட்ட வேண்டும்.