சிரிப்பும் கணினியறிவும்: சிறுவர் சித்திரக்கதைகள் பற்றிய ஒரு நோக்கு

சிறுவருக்கான அறிவியல் எழுத்தில் நகைச்சுவை, மருந்தோடு குழைத்த தேனாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. கணினியைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது. அதன் இயங்குமுறையிலேயே நகைச்சுவைக்கான கரு உண்டு. கணினி சொன்னதைச் செய்யும். சொல்ல நினைத்ததைச் செய்யாது.

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822இல் லண்டனில் அச்சேறியது. அதிலே, விழுவதையெல்லாம் எடுக்கவேண்டுமெனக் குரு கட்டளையிடச் சீடர்கள் குதிரையின் இலத்தியையும் எடுக்கின்றனர். ஆகவே, எடுக்கவேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதப்படுகின்றது. பின்னர் குருவே குழியில் விழுந்தபோது, பட்டியலில் அவர் இல்லையெனச் சீடர்கள் அவரைத் தூக்க மறுக்கின்றனர். பட்டியலை நிரலாகவும் சீடரைக் கணினியாகவும் கொண்டால், நிரற்பிழை என்பது யாதென்பதைச் சிறுவர் சிரித்துக்கொண்டே உணர்வர்.

பிறமொழிகளில் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. அமெரிக்கரான லரி கோனிக் 1983இல் கணினியறிவியலைக் கேலிச்சித்திர நூலாக்கினார். சோவியத் நாட்டிலே 'பேராசிரியர் போர்ட்ரானின் கலைக்களஞ்சியம்' 1991இல் சிறுவருக்கென வெளிவந்தது. எனினும், இவற்றை அவ்வாறே பெயர்த்தல் போதாது. சித்திரம் சிறுவரின் வாழ்நிலையிலிருந்து பிறத்தல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே வளரும் பிள்ளை வயலுக்கு நீர் பாய்வதை நாளும் காண்கிறது. ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இரு கதவுகள் இருப்பின், இரண்டும் திறந்தாலன்றி நீர் வராது. இரு வாய்க்கால்கள் ஒரே வயலை அடையுமாயின், ஏதேனும் ஒன்றின் கதவு திறந்தாலே போதும். முன்னையது 'உம்' என்னும் தருக்கம். பின்னையது 'அல்லது' என்னும் தருக்கம். நீருக்குப் பதிலாக மின்னோட்டத்தையும், கதவுக்குப் பதிலாகத் திரான்சிற்றரையும் வைத்தால் கணினியின் அடிப்படை புலனாகும். கதவு திறக்கும் வட்டவிதானையாரையே நகைச்சுவைப் பாத்திரமாக்கலாம்.

இங்கு ஓர் அபாயமும் உண்டு. பல சித்திரங்கள் கணினியைத் தானே சிந்திக்கும் குட்டி மனிதனாக வரைகின்றன. மனித உழைப்பின் விளைபொருள் மனிதருக்குப் புறம்பான சக்தியாகத் தோன்றும் மாயையை மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' முதற் பாகத்தில் விளக்கினார். செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய வியப்பு அம்மாயையை மேலும் வலுப்படுத்துகின்றது. நல்ல சித்திரக்கதையோ வியப்பைச் சிரிப்பால் உடைத்து, பட்டியலை எழுதியவர் யார், எவர் நலனுக்காக எழுதினார் என்ற வினாவைப் பிள்ளையின் மனத்தில் எழுப்பும். அவ்வினா எழாத கணினிக்கல்வி, நம் பிள்ளைகளை வெறும் நுகர்வோராகவே உருவாக்கும்.