குளத்து நீர் இறைப்பதற்கு ஏற்ற பம்பு

நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இருபோகச் சாகுபடியும், 1906-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையையும், அதன் கால்களால் நிரம்பும் குளங்களையும் பெரிதும் நம்பியிருப்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுக்காக் குடியானவர்கள் யாவரும் அறிந்ததே. தை மாதத்தில் குளத்து நீர் மடைவாய்க்குக் கீழே இறங்கிவிடின், கும்பப்பூப் பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் கடைமடை வயல்கள் வாடத் தொடங்கும். அச்சமயம் ஒரு தண்ணீர் கிடைத்தால் விளைவு தப்பும். தவறினால் பதர் மிகும். முன்னாளில் இறைகூடையாலும் துலாவாலும் செய்த இவ்வேலையை இப்பொழுது பம்பு செய்கின்றது. ஆயினும் குதிரைச் சக்தி ஒன்றையே விசாரித்துப் பம்பு வாங்குதல் நஷ்டத்துக்கு ஏதுவாகும்.

முதலாவதாக, நீரை ஏற்ற வேண்டிய உயரத்தை அளக்க வேண்டும். குளத்தின் நீர்மட்டத்திற்கும் வயற்காலுக்கும் உள்ள உயரம் ஒன்றரை மீட்டர் என்றும், குழாயில் உராய்வினால் உண்டாகும் நஷ்டம் ஒன்றரை மீட்டர் என்றும் கொண்டால், மொத்தம் 3 மீட்டர் ஆகும்.

இரண்டாவதாக, வேண்டிய நீரின் அளவு. ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்துவதற்குச் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். வினாடிக்கு 20 லிட்டர் தரும் பம்பு இதனை மூன்று மணி நேரத்திற்குள் இறைத்துவிடும்.

லிட்டரை மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால் நீருக்கு வேண்டிய குதிரைச் சக்தி கிடைக்கும். இங்கு அது 0.8 ஆகும். பம்பிற் பாதிச் சக்தி வீணாவதாகக் கொண்டாலும் 1.6 போதும், ஆகவே 2 குதிரைச் சக்தி மோட்டார் தகுதியானது.

ஆழ்குழாய்க் கிணற்றுக்குரிய பம்பு சிறிதளவு நீரை வெகு உயரம் தள்ளுவதற்காக அமைந்தது, குளத்திற்கு உதவாது. அதிக உயரத்திற்கென்று செய்த மையவிலக்குப் பம்பைத் தாழ்ந்த உயரத்தில் ஓட்டினால், நீர் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்து, பாரம் கூடி மோட்டார் கருகவும் கூடும். ஆதலால் பம்பின் தகட்டில் பொறித்துள்ள உயரமும் நீரளவும் தம் கணக்கோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பம்பை நீர்மட்டத்திற்கு இயன்றவரை அருகில் வைத்தல் நலம். உறிஞ்சும் உயரம் 6 மீட்டருக்கு மேற்படலாகாது. உறிஞ்சு குழாய் அகன்றதாகவும், வளைவு குறைந்ததாகவும், காற்றுப் புகாததாகவும் இருத்தல் அவசியம். அடி வால்வு சேற்றில் புதையாமலும், பாசி அடைக்காமலும் கவனிக்க வேண்டும். நீர் விழும் குழாய்வாயை வயற்காலுக்கு மேல் உயர்த்துவது மின்சாரத்தை வீணாக்குவதேயாம்.

குளத்து ஜலம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. முறையான அனுமதி பெற்று, ஆயக்கட்டுதாரர் அனைவரும் கூடி முறைவைத்து இறைப்பதே நியாயம். கிராம அதிகாரிகள் இதனை முன்னின்று நடத்துவார்களாயின், ஒரே பம்பு பல வயல்களைக் காக்கும். நீர் வற்றும் நாள்வரை காத்திராமல், மார்கழியிலேயே உயரத்தை அளந்து வைத்துக்கொள்வது உசிதமாகும்.