கேளா ஒலி காட்டும் கழுத்துத் தமனி

மனித உடலின் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆயினும் ஓய்வு நிலையில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை அது பெற்றுக்கொள்கிறது. இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் நின்றுபோனாலும் மூளைத் திசுக்கள் மடியத் தொடங்கிவிடும். இத்தகைய உறுப்புக்கு இரத்தம் கொண்டு செல்லும் வழிகள் நான்கே. கழுத்தின் முன்புறம் இருபக்கமும் ஏறும் கழுத்துத் தமனிகள் இரண்டு. முதுகெலும்பை ஒட்டி ஏறும் தமனிகள் இரண்டு. இவற்றுள் பெரும்பங்கைச் சுமப்பவை கழுத்துத் தமனிகளே ஆகும்.

அவற்றுள் ஒன்று உட்புறம் குறுகிவிட்டால் அதை எவ்வாறு அறிவது? கத்தி வைக்காமல், ஊசி குத்தாமல், எக்ஸ் கதிருக்கு ஆளாக்காமல் அறியும் வழி ஒன்று உண்டு. நம் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் டாப்ளர் விளைவே அந்த வழி. நான் மருத்துவன் அல்லன்; இயற்பியல் கற்பிப்பவன். எனவே மருந்தைப் பற்றி அல்லாமல், அந்தக் கருவிக்குள் இருக்கும் இயற்பியலைப் பற்றியே பெரிதும் கூற விழைகிறேன்.

குழாயும் அடைப்பும்

குரல்வளைக்குப் பக்கவாட்டில் விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். நாடித் துடிப்பு தெரியும். அதுதான் பொதுக் கழுத்துத் தமனி. அது சற்று மேலே சென்று, குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தையொட்டி இரண்டாகப் பிரிகிறது. உட்கழுத்துத் தமனி மூளைக்கும் கண்ணுக்கும் செல்கிறது. வெளிக்கழுத்துத் தமனி முகத்துக்கும் தலையின் மேல்தோலுக்கும் செல்கிறது. இந்தப் பிரிவுக் கவட்டில்தான் கொழுப்பும் நாரும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து படிவு உண்டாகிறது. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகியவை இதற்குத் துணை போகின்றன.

குழாய் குறுகி இரத்தம் குறைவதால் மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. படிவின் மேற்பரப்பு வெடித்து, அங்கு இரத்தம் உறைந்து, அந்த உறைவின் துணுக்குகள் ஓட்டத்தோடு மேலேறி மூளையின் நுண்குழாய்களை அடைப்பதே பெரும்பாலும் நிகழ்வது. துணுக்கு சிறியதாயின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். ஒரு கை சற்று நேரம் தளரும், பேச்சுக் குழறும், ஒரு கண்ணின்மேல் திரை விழுந்தாற்போல் இருண்டு, பின் தெளியும். பெரிய துணுக்காயின் பக்கவாதம்தான்.

டாப்ளர் கண்ட உண்மை

1842 ஆம் ஆண்டில், பிராகு நகரில் கணிதம் கற்பித்து வந்த கிறிஸ்டியன் டாப்ளர், இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடுவதாகவும், விலகினால் குறைவதாகவும் நமக்குத் தோன்றும் என்பதே அதன் சாரம். 1845 இல் பாய்ஸ் பாலட் என்ற டச்சு அறிஞர், புகைவண்டியில் ஊதுகுழல் கலைஞர்களை ஏற்றி, அவர்கள் எழுப்பிய சுருதி மாறுபடுவதைக் கொண்டு ஒலிக்கும் இது பொருந்தும் என்று மெய்ப்பித்தார்.

விண்மீனுக்காகச் சொன்ன விதி இரத்தத்துக்கு வந்த கதை வியப்பானது. 1880 இல் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாவதைக் கண்டறிந்தனர். அத்தகைய படிகத்துக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலி எழுப்பும். வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்குக் கேளாது. கழுத்தைச் சோதிக்கப் பயன்படுவது ஏறத்தாழ 50 இலட்சம் முதல் ஒரு கோடி அதிர்வுகள் கொண்ட கேளா ஒலி. 1950 களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஒசாகாவில் சாத்தோமுரா என்ற அறிஞர் இதயத்தின் அசைவையும் பிறகு இரத்த ஓட்டத்தையும் இம்முறையில் ஆராய்ந்தார். 1974 இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், குழாயின் படத்தையும் ஓட்டத்தின் வேகத்தையும் ஒருங்கே தரும் இரட்டைக் கருவியை வெளியிட்டனர். 1985 இல் ஜப்பானியரான கசாயும் அவர்தம் குழுவினரும் ஓட்டத்தை உடனுக்குடன் வண்ணத்தில் காட்டும் கணக்கீட்டு முறையை வெளியிட்டனர்.

இனி கணக்குக்கு வருவோம். இரத்தச் சிவப்பணுக்கள் தம்மேல் படும் ஒலியைச் சிதறடிக்கின்றன. நகரும் அணு, முதலில் ஒலியைப் பெறுவதாகவும், பிறகு ஒலியை அனுப்புவதாகவும் இருப்பதால் அதிர்வெண் மாற்றம் இருமுறை நிகழ்கிறது. ஆகவே, அதிர்வெண் மாற்றம் என்பது, அனுப்பிய அதிர்வெண்ணின் இரு மடங்கை இரத்தத்தின் வேகத்தாலும் கோணத்தின் கொசைனாலும் பெருக்கி, திசுவில் ஒலியின் வேகத்தால் வகுத்ததாகும். மென்திசுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1540 மீட்டர் என்று கொள்வர். 50 இலட்சம் அதிர்வுகள், வினாடிக்கு 1 மீட்டர் வேகம், 60 பாகைக் கோணம் என்று இட்டுப் பாருங்கள். விடை ஏறத்தாழ 3250 வரும். அனுப்பியதும் திரும்பியதும் நம் காதுக்குக் கேளாதவை. அவற்றின் வேறுபாடோ நன்றாகக் கேட்கக்கூடியது!

நான் கண்ட சோதனை

சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனுக்கு, காலையில் காப்பி அருந்தும்போது வலக்கை தளர்ந்து டம்ளர் நழுவியது. பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. வாயுப் பிடிப்பு என்றனர் வீட்டார். அவரும் அப்படியே இருந்திருப்பார், அண்ணி விடவில்லை. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் இடப்பக்கக் கழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். மூளையின் இடப்பாதியே உடலின் வலப்பக்கத்தை இயக்குகிறது அல்லவா?

சோதனை அறையில் உடன் நிற்க எனக்கு அனுமதி கிடைத்தது. கழுத்தில் குழைவான பசையைத் தடவி, சோப்புக் கட்டி அளவுள்ள ஒரு கருவியை வைத்தனர். படிகத்துக்கும் தோலுக்கும் இடையே காற்று இருந்தால் ஒலி உள்ளே புகாமல் எதிரொலித்துத் திரும்பிவிடும். அதைத் தடுக்கவே பசை. திரையில் முதலில் கறுப்பு வெள்ளையில் குழாய் தோன்றியது. பிறகு வண்ணம் நிரம்பியது. சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிச் செல்லும் ஓட்டத்துக்கு ஒரு நிறம், அவ்வளவே.

இரு கிளைகளில் உட்தமனி எது என்று அறியவும் ஓர் எளிய உத்தி உண்டு. காதுக்கு முன்னால் உள்ள நாடியை விரலால் தட்டினால், வெளித்தமனியின் அலை வரைவில் அந்தத் தட்டல் தெளிவாகப் பதிகிறது. மேலும், மூளைக்கு ஓயாமல் இரத்தம் வேண்டியிருப்பதால், இதயம் விரியும் நேரத்திலும் உட்தமனியில் ஓட்டம் நன்கு முன்னோக்கியே இருக்கிறது.

அண்ணனின் இடப்பக்க உட்தமனியில் உச்ச வேகம் வினாடிக்கு 310 செ.மீ.; அதற்குக் கீழே பொதுத் தமனியில் 70 செ.மீ. ஒலிபெருக்கியில் சீறல் ஓசை எழுந்தது. எண்களின் பொருள் எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்தச் சீறல் நல்ல சேதி அன்று என்பது மட்டும் விளங்கிற்று.

வேகம் ஏன் கூடுகிறது?

ஆற்று நீர் பாலத்தின் கண்களில் நுழையும்போது விரைவதையும், கண்ணைக் கடந்தபின் சுழியிடுவதையும் கண்டிருப்பீர்கள். குறுகிய தமனியிலும் இதுவே நிகழ்கிறது. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகும். அதே அளவு இரத்தம் கடக்க வேண்டுமாயின் வேகம் நான்கு மடங்காக வேண்டும். இதுவே தொடர்ச்சிச் சமன்பாடு.

2002 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கூடிய வல்லுநர் குழு இதற்கு வரையறைகள் வகுத்தது. உட்தமனியின் உச்ச வேகம் வினாடிக்கு 125 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் அடைப்பு 50 விழுக்காட்டுக்கும் குறைவு. 125 முதல் 230 வரை இருந்தால் 50 முதல் 69 விழுக்காடு. 230 ஐத் தாண்டினால் 70 அல்லது அதற்கு மேல். உட்தமனியின் வேகத்தைப் பொதுத் தமனியின் வேகத்தால் வகுத்து வரும் விகிதம் 4 ஐத் தாண்டுவதும் கடும் அடைப்பின் அடையாளம். விழுக்காடு என்பது இங்கு விட்டத்தின் குறைவைக் குறிக்கும்.

ஆனால் ஒன்று. குழாய் ஏறக்குறைய முழுதும் மூடிக்கொள்ளும் நிலையில், கடக்கும் இரத்தமே அருகிவிடுவதால் வேகம் மீண்டும் குறைந்துவிடும். 1979 இல் ஸ்பென்சரும் ரீடும் வரைந்த வளைகோடு இதைக் காட்டுகிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் அதை நல்ல குழாய் என்று எண்ணி ஏமாறலாம். ஆகவேதான் படம், வண்ணம், வேகம் மூன்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஒரு பக்கத் தமனி முழுதும் அடைபட்டிருந்தால், மறுபக்கம் கூடுதல் இரத்தத்தைச் சுமப்பதால் அங்கே வேகம் மிகுந்து தோன்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

கோணம் செய்யும் குழப்பம்

மாணவர்களே, கொசைன் அட்டவணை எதற்கு என்று கேட்பீர்கள். உண்மைக் கோணம் 60 பாகை. சோதிப்பவர் 65 என்று குறித்துவிட்டார் என்று கொள்வோம். வேகம் 18 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். 200 செ.மீ. என்பது 237 ஆகிவிடும். நடுத்தர அடைப்பு, கடும் அடைப்பாக ஏட்டில் ஏறிவிடும்! இதே 5 பாகைப் பிழை 30 பாகையில் நேர்ந்தால் வேறுபாடு 6 விழுக்காட்டை எட்டாது. எனவேதான் கோணம் 60 ஐத் தாண்டலாகாது என்பது விதி. அண்ணனுக்குச் சோதனை செய்த பெண்மணி, கோணக் கோட்டைக் குழாயின் சுவருக்கு இணையாகத் திருத்தித் திருத்தி மூன்று முறை அளந்ததன் பொருள் எனக்குப் பிறகுதான் முழுமையாக விளங்கியது.

மற்றொரு மயக்கமும் உண்டு. திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றும். கருவி விட்டுவிட்டு அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கையில் பாதியை அதிர்வெண் மாற்றம் மிஞ்சினால், இங்கும் ஓட்டம் எதிர்த்திசையில் இருப்பதாகத் திரை காட்டும். அளவுகோலை மாற்றி இதைச் சரிசெய்வர். சுண்ணாம்பு படிந்த அடைப்போ ஒலியைத் தடுத்து நிழல் வீழ்த்தும். அந்நிழலுக்குள் இருப்பது தெரியாது. அப்போது வேறு சோதனைகளை நாட வேண்டும்.

எண்ணுக்குப் பின் என்ன?

1991 இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு இதற்கு விடை கூறிற்று. அறிகுறி தோன்றிய, 70 விழுக்காட்டுக்கு மேல் அடைப்புள்ளவர்களில், மருந்து மட்டும் பெற்றவருள் 26 விழுக்காட்டினருக்கு இரண்டாண்டில் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவருள் 9 விழுக்காட்டினருக்கே வந்தது. 50 விழுக்காட்டுக்குக் குறைந்த அடைப்புக்கு அறுவையால் பயனில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. அறிகுறி தோன்றிய இரு வாரங்களுக்குள் செய்தால் பயன் மிகுதி. அண்ணனுக்கு வேறொரு சோதனையாலும் அடைப்பை உறுதி செய்தபின், பத்தாம் நாள் அறுவை நடந்தது. எடுத்த படிவைக் குப்பியில் காட்டினர். உடைந்த வெல்லக்கட்டித் துணுக்கு போன்றிருந்தது. அவர் நலமாக இருக்கிறார், புகைப்பதை விட்டுவிட்டார், மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்கிறார்.

அறிகுறி ஏதுமில்லாத எல்லோரும் இச்சோதனைக்கு விரைய வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் எவருக்கேனும் திடீரெனக் கை தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண் இருண்டாலோ, அது ஐந்தே நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சரியாகிவிட்டது என்ற ஆறுதலே அங்கு பெரும்பகை.

தேர்வில் டாப்ளர் விளைவுக்கு ஐந்து மதிப்பெண் இருக்கலாம். கொசைன் கோணத்தை ஒதுக்கிவிட்டு எழுதினாலும் ஓரிரு மதிப்பெண்தான் குறையும். மருத்துவமனை அறையில் அதே கோணம் ஒருவரை அறுவை மேசைக்கு அனுப்புவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதைத் தீர்மானிக்கிறது. நம் மாணவர்களுள் சிலர் நாளை அந்தக் கருவியைக் கையில் பிடிப்பார்கள். அவர்கள் இந்தப் பாடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.