ஆலோசனை சொல்லாத ஆலோசகர்

“நான் இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க டாக்டர்.” சைக்கோடைனமிக் தெரபி என்ற பேச்சுவழி உளச்சிகிச்சைக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். பதில் கிடைக்காது. “இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயெல்லாம் கேட்டிருக்கீங்க?” என்று கேள்வி திரும்பி வரலாம். காசு கொடுத்து வந்தது இதற்கா என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலையும் மறைக்காமல் தெரபிஸ்டிடமே சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் விசித்திரமான விதி.

நடைமுறை எளிமையானது. வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, ஏறத்தாழ 50 நிமிடம், முடிந்தவரை அதே நாள், அதே நேரம். முதல் சில அமர்வுகளில் வீடு, வளர்ப்பு, தூக்கம், இழப்புகள் எனக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். பிறகு கேள்விகள் குறையும். மனதில் வருவதை, அற்பமாகப் பட்டாலும் அசிங்கமாகப் பட்டாலும், வடிகட்டாமல் பேச வேண்டும். சினிமாவில் காட்டும் சாய்வுப் படுக்கை வாரத்தில் பல நாள் நடக்கும் முழு உளப்பகுப்பாய்வுக்கு உரியது. இங்கே பெரும்பாலும் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்தான்.

இந்த முறையின் வேர் அந்த உளப்பகுப்பாய்வில்தான். 1900 அக்டோபரில், 18 வயது நிரம்பவிருந்த ஐடா பவர் என்ற பெண்ணை அவளுடைய அப்பா வியன்னாவில், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டிடம் அனுப்பினார். இருமல், அடிக்கடி குரல் அடைத்துப்போவது, மனச்சோர்வு. குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக அவள் சொன்னதை வீட்டில் கற்பனை என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த நண்பரின் மனைவியோடு அப்பாவுக்குத் தொடர்பு இருப்பதாகவும் அவள் நினைத்தாள். நடந்ததை ஃப்ராய்டு நம்பினார். ஆனால், உள்ளூர அவளுக்கும் அந்த மனிதர்மேல் காதல் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே போனார். டிசம்பர் 31 அன்று, இதுவே கடைசி என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

1905-ல் ‘டோரா’ என்ற புனைபெயரில் அவள் கதையை வெளியிட்ட ஃப்ராய்டு, வேறொருவர் மீதிருந்த உணர்ச்சிகளை அவள் தன்மேல் ஏற்றியதைத் தக்க நேரத்தில் கவனிக்கத் தவறியதாக எழுதினார். பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவள் சொல்வதைக் கேட்பதைவிடத் தன் கோட்பாட்டை நிரூபிப்பதில் அவருக்கு அவசரம் அதிகம். ஆனாலும் அவர் கண்டுகொண்ட பாதி, இன்றைய சிகிச்சையின் மையமாகிவிட்டது.

மார்க் குறைந்தால் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பாவிடம் வளர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். தெரபிஸ்ட் இரண்டு நிமிடம் பேசாமலிருந்தால் போதும், கோபமாக இருக்கிறார் என்று அவர் தவிப்பார். அலுவலகத்தில் மேலாளரிடமும் வீட்டில் மனைவியிடமும் இதே தவிப்புதான். வெளியே நடப்பதைக் கதையாகத்தான் சொல்ல முடியும். தெரபிஸ்ட் மேல் வரும் தவிப்போ அறைக்குள்ளேயே, இருவர் கண் முன்னால் நடக்கிறது. எனவே தாமதமாக வருவது, கட்டணத்தை மறப்பது, தெரபிஸ்ட் விடுமுறை எடுத்தால் கோபப்படுவது எல்லாமே பேசுபொருள்.

பலன் உண்டா? 2010-ல் அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஷெட்லர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மற்ற உளச்சிகிச்சைகளுக்கு இணையான பலன் இருப்பதாகவும், சிகிச்சை முடிந்த பிறகும் அது வளர்வதாகவும் எழுதினார். ஆய்வுகளின் தரம் குறித்து எதிர்வாதமும் எழுந்தது. எண்ணச் சுழற்சி நோய்க்கும் (OCD) குறிப்பிட்ட அச்சங்களுக்கும், பயப்படும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் முறைக்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது. தற்கொலை எண்ணம் இருந்தால் அடுத்த வார அமர்வுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அல்லது டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்க வேண்டும்.

சில மாதங்களில் முடியும் வடிவமும் உண்டு, ஆண்டுக்கணக்கில் போவதும் உண்டு. எது என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். இடையில் மனம் மேலும் கனப்பது வழக்கம்தான். நிறுத்திவிடலாம் என்று தோன்றினால், வராமல் இருந்துவிடாதீர்கள்; போய் அதையே சொல்லுங்கள். அன்றைய 50 நிமிடம் பெரும்பாலும் வீணாகாது.