எரிச்சல் நின்றால் குணமா?

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு. வெட்டு முடிந்த வயலில் அடிக்கட்டைகள் கூராக நிற்கும். குத்தினால் வலிக்கும், காலை எடுத்துவிடுவோம். அந்த வலியே தெரியாவிட்டால்?

அப்படி மரத்துப்போகும் முன் பலர் “பாதம் எரியுது”, “எறும்பு ஊறுது”, “பஞ்சு மேல நடக்குறாப்ல இருக்கு” என்பார்கள். இதற்குப் பெரும்பாலும் சர்க்கரை நோய்தான் காரணம். நெடுநாள் கட்டுக்கடங்காத சர்க்கரை, நரம்பிழைகளையும் அவற்றுக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. கடைமடைக்கு முதலில் தண்ணீர் குறைவதுபோல், நீளமான நரம்பின் நுனியான கால்விரல்களில் பாதிப்பு தொடங்கி, இரு கால்களிலும் மேலேறும். இரவில் எரிச்சல் கூடும்.

பி12 குறைவு, மது, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய் ஆகியவையும் காரணமாகலாம். மெட்பார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவோருக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. ஒரு காலில் மட்டும் எரிச்சல், கூடவே இடுப்புவலி என்றால் முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டும்.

சிகிச்சை இல்லாமலே எரிச்சல் நின்றால் குணமாகிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். நரம்பு மரத்துப்போயிருக்கலாம். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பது அதன் அடையாளம். கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் புண்களுக்கு உணர்வில்லாத காலில் படும் காயமே காரணம் என்று காட்டினார். அவர்களுக்காக வந்த மிருதுவான நுண்துளை ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளும் அணிகிறார்கள்.

பரிசோதனை எளிது. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள். தொட்டது தெரியாத இடம் ஆபத்தான இடம்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பாதிப்பு மேலும் வளர்வது குறையும். பி12 குறைவை முன்பே கண்டு ஈடுசெய்தால் நரம்பு தேற வாய்ப்புண்டு. பிரிகாபலின், டுலாக்சிடின் போன்ற மாத்திரைகள் எரிச்சலைத் தணிக்கும். ஆனால் போன உணர்வைத் திருப்பித் தரா. எதையும் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

மரத்த காலைக் கண்தான் காக்க வேண்டும். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், கால் ஆணியை பிளேடால் சீவவும் வேண்டாம். 2022இல் எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆனாலும் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு வயலில் இறங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதை இன்றே விட வேண்டும். சிறு புண்ணானாலும் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தள்ளிப்போட்ட புண்ணால்தான் பலர் காலை இழக்கிறார்கள்.