யானையின் வயிறும் நம் நேர்த்திக்கடனும்

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டம் பட்டாம்பித் தாலுகாவில் இருக்கிறது. நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியின் தாய்வழிக் குடும்பத்து ஊர் அது. மற்றது இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருப்பது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். அக்காவைப் பட்டாம்பிப் பக்கம் கட்டிக்கொடுத்ததால் இரண்டு ஆனைக்கரையும் எனக்குப் பழக்கம். மலையில் சுற்றுலா யானைகளையும், சமவெளியில் திருவிழா யானைகளையும் பார்த்து வளர்ந்தவன் நான்.

விடுமுறைக்கு ஊர் போகும் நம் சங்கக் குடும்பங்கள் குருவாயூருக்கும் திருச்சூருக்கும் போகாமல் திரும்புவதில்லை. அங்கே யானையைக் கண்டால் குழந்தைகள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்து நீட்டச் சொல்கிறோம். அன்போடு செய்கிற காரியம்தான். ஆனால் அந்த யானையின் வயிறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், நம் அன்பை இன்னும் பயனுள்ள வழியில் காட்டலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

குதிரை வளர்ப்பவர்கள் அதிகம் அஞ்சும் நோய் சூலை, அதாவது கடும் வயிற்றுவலி. யானை வளர்ப்பவர்களும் அதே நோய்க்குத்தான் அஞ்சுகிறார்கள். மலையாளத்தில் இதை எரண்டக்கெட்டு என்பார்கள். எரண்டம் என்றால் யானையின் சாணம். அது குடலில் கட்டிக்கொண்டு வெளியேறாமல் நிற்பதே நோய். பல ஆண்டுகள் திருச்சூர்ப் பூரத்தில் திருவம்பாடி பகவதியின் திடம்பு ஏந்திய சிவசுந்தர் என்ற யானை, இந்த நோயால் இரண்டு மாதத்துக்கு மேல் துன்பப்பட்டு 2018 மார்ச்சில் இறந்தது. அதே ஆண்டு நவம்பரில் எடுத்த கணக்குப்படி கேரளத்தில் வளர்ப்பு யானைகள் 521. அதன் பிறகு எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் வருகிறது.

நோய் வருவது ஏன்?

மாட்டைப் போல யானைக்கும் குதிரைக்கும் அசைபோடும் வழக்கம் இல்லை. தின்ற நாரெல்லாம் பெருங்குடலில் போய்த்தான் நொதித்துச் செரிக்க வேண்டும். வளர்ந்த யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனத்துக்கு மேல் தின்னும். அதில் பாதிகூடச் செரிக்காது. மிச்சம் தடையின்றி வெளியேற வேண்டுமானால் மூன்று தேவை: பலவகைத் தீனி, நிறையத் தண்ணீர், ஓயாத நடை.

காட்டில் இவை மூன்றும் தாமாகவே கிடைக்கின்றன. சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பகுதியில் 1980களில் ஆராய்ந்த ராமன் சுகுமார், யானைகள் 112 வகைத் தாவரங்களைத் தின்பதைப் பதிவு செய்தார். புல், மூங்கில், பட்டை, இலை என்று தின்றுகொண்டே நாள் முழுதும் நடக்கின்றன. கட்டுத்தறியில் நிற்கும் யானைக்கோ பெரும்பாலும் பனம்பட்டைதான். கூந்தற்பனையின் இந்த மட்டை முரட்டு நார் கொண்டது. வேறு பசுந்தீவனம் இல்லாமல் இதையே தின்று, தண்ணீரும் போதாமல் போனால், நார் திரண்டு கயிற்றுருண்டை போலக் குடலை அடைத்துவிடுகிறது.

திருவிழாக் காலம் இதை இன்னும் மோசமாக்குகிறது. மார்கழி, தை முதல் சித்திரை வரை லாரியில் ஊர் ஊராகப் பயணம், வெயில், தூக்கமின்மை, நேரம் தப்பிய தண்ணீர். பிறகு மதம் பிடித்தால் மாதக்கணக்கில் சங்கிலியில் நிற்க வேண்டும். வயதான யானைக்குக் கடைவாய்ப்பல் தேய்ந்துவிடும். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறைதான் கடைவாய்ப்பல் முளைக்கும். கடைசிப் பல்லும் தேய்ந்தால் மெல்லாமலே விழுங்கும். தரையில் கிடக்கும் தீனியோடு மண்ணும் பிளாஸ்டிக் பையும் உள்ளே போவது தனிக்கதை.

அறிகுறியும் தடுப்பும்

எங்கள் ஏலத்தோட்டத்துப் பக்கம் யானை வைத்திருந்த ஒரு கம்பத்துப் பாகன் என்னிடம் சொல்வார்: "தம்பி, எல்லாரும் கொம்பைப் பாக்குறாங்க. நீங்க லத்தியைப் பாருங்க. அது நின்னா எல்லாம் நின்னுபோச்சு." காலையில் எழுந்ததும் அவர் முதலில் எண்ணுவது லத்தியைத்தான். அது குறைந்தாலோ, காய்ந்து சிறுத்தாலோ அன்றே கவனிக்க வேண்டும். தீனியை வெறுப்பது, வயிறு உப்புவது, அடிக்கடி படுத்து எழுவது, தன் துதிக்கையைத் தானே கடிப்பது ஆகியவை வலி முற்றியதற்கு அடையாளம். அதன் பிறகு வைத்தியர் குளுக்கோஸ் ஏற்றுவார், எனிமா கொடுப்பார், நடக்க வைப்பார். குதிரைக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்ய வழி உண்டு; இத்தனை பெரிய உடம்பில் அது அநேகமாக நடவாத காரியம். ஆகவே வருமுன் காப்பதே வைத்தியம்.

காப்பதற்குப் பெரிய செலவு இல்லை. பனம்பட்டையோடு புல்லும் பிற பசுந்தழையும் கலந்து கொடுக்க வேண்டும். தீனியை மாற்றுவதானால் ஒரே நாளில் மாற்றாமல் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். கிழ யானைக்கு நறுக்கிப் போட வேண்டும். நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர், தினமும் குளியல், தினமும் நடை, அவ்வப்போது பல்லும் குடற்புழுவும் பார்ப்பது. தண்ணீர், குளியல், ஓய்வு பற்றிய விதிகளைக் கேரள அரசு 2012-லேயே வகுத்திருக்கிறது. அவற்றைக் கடைப்பிடிக்கிறார்களா என்று கேட்கும் உரிமை பணம் கொடுத்து யானை அமர்த்தும் ஒவ்வொரு விழாக் குழுவுக்கும் உண்டு.

அந்தக் குழுக்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து நன்கொடை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை அனுப்பும்போது, "இத்தனை யானை வேண்டும்" என்பதோடு, "நிற்கும் இடத்தில் நிழலும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். நேர்ந்துகொண்டவர்கள் ஒரு வண்டி பசும்புல்லுக்குப் பணம் கட்டலாம். கோயிலில் யானையைப் பார்த்தால் பாகனைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். பழம் கொண்டுபோன பையை மறக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.